காப்புரிமைக்குப் பிறகு தொடங்கும் வேலை

1980ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபும் அவருடைய குழுவினரும் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை மின்கலத்தின் நேர்முனையாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். பின்னாளில் கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் உயிர்கொடுத்த மின்கலங்களின் வேர் அங்கே இருக்கிறது. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் செலவை ஏற்கப் பல்கலைக்கழகம் முன்வரவில்லை. ஹார்வெல்லில் இருந்த பிரிட்டிஷ் அணுசக்தி ஆய்வு நிலையம் ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு உரிமையும் அதன் கைக்குப் போனது. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ராயல்டி கிடைக்கவில்லை.

பல்கலைக்கழகம் எவ்வளவு பணத்தைக் கோட்டைவிட்டது என்று காட்டவே இந்தக் கதையைப் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது நடுவில் உள்ள பதினோரு ஆண்டுகள். ஆக்ஸ்ஃபோர்டில் உருவானது மின்கலத்தின் பாதிதான். எதிர்முனைக்குத் தூய லித்தியம் உலோகத்தை வைத்தால் தீப்பிடிக்கும் ஆபத்து இருந்தது. ஜப்பானில் அசாஹி கசேய் நிறுவனத்தின் அகிரா யோஷினோ 1985இல் கார்பன் அடிப்படையிலான எதிர்முனையை வைத்துப் பாதுகாப்பான முன்மாதிரியைச் செய்தார். அதன் பிறகும் மெல்லிய உலோகத் தாளில் சீராகப் பூச்சு பூசுவது, ஈரப்பதம் புகாமல் அடைப்பது, அதையே லட்சக்கணக்கில் ஒரே தரத்தில் செய்வது என்று வேலை நீண்டது. காந்த நாடா தயாரிப்பில் சோனிக்கு இருந்த பூச்சு அனுபவம் அங்கே கைகொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டு காப்புரிமையைத் தானே வைத்திருந்தாலும் இந்த வேலையில் ஒரு நாள்கூடக் குறைந்திருக்காது.

பல்கலைக்கழக ஆராய்ச்சியைப் பொருளாக்குவது பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் உரிமை யாருக்கு, வருமானம் எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளையே சுற்றிவருகின்றன. ஆய்வறிக்கைக்கும் பொருளுக்கும் நடுவில் உள்ள வேலையை யார் செய்வது, அதுவரை அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது, கண்டுபிடித்தவர் கூட வருவாரா என்ற கேள்விகள் பின்னால் தள்ளப்படுகின்றன. ஒரு கண்டுபிடிப்பு பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் இந்தப் பின்வரிசைக் கேள்விகளால்தான்.

நிறுவனங்கள் பல்கலைக்கழகத்திடம் வாங்குவது உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது? ரிச்சர்ட் ஜென்சன், மேரி தர்ஸ்பி ஆகிய இரு பொருளியலாளர்கள் 62 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகங்களிடம், அதாவது கண்டுபிடிப்புகளைப் பயன்படுத்த நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கும் பிரிவுகளிடம், விசாரித்து 2001இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. உரிமம் கொடுக்கப்பட்ட கண்டுபிடிப்புகளில் 48 சதவீதத்துக்கு முன்மாதிரியே கிடையாது. இப்படிச் செய்ய முடியும் என்ற நிரூபணம் மட்டுமே இருந்தது. இன்னும் 29 சதவீதம் ஆய்வக அளவிலான முன்மாதிரி. அப்படியே வணிகத்துக்கு எடுத்துக்கொள்ளும் நிலையில் இருந்தவை 12 சதவீதம். கண்டுபிடித்தவர் கூட இருந்து உழைக்காமல் வெற்றி சாத்தியமில்லை என்று சொல்லப்பட்டவை 71 சதவீதம். கடைசி எண்ணை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். காப்புரிமை ஆவணத்தில் எழுத முடிந்தது ஒரு பகுதி. எந்த வெப்பநிலையில் படிகம் உடைகிறது, எந்த வரிசையில் கலந்தால் நுரைக்கிறது, எந்தத் தொகுதி வேதிப்பொருள் ஏமாற்றும் என்ற அறிவெல்லாம் ஆராய்ச்சி மாணவரின் கையில் இருக்கிறது. அவர் பட்டம் வாங்கிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டால், உரிமம் வாங்கிய நிறுவனத்திடம் மிஞ்சுவது காகிதம்தான்.

விண்வெளித் துறைக்காக நாசா 1970களில் உருவாக்கத் தொடங்கிய ஓர் அளவுகோல் இப்போது எல்லாத் துறைகளிலும் புழங்குகிறது. தொழில்நுட்பத் தயார்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடுவது. அடிப்படை விதியைக் கண்டறிந்தால் 1. உண்மையான சூழலில் முழு அமைப்பும் ஓடி நிரூபிக்கப்பட்டால் 9. ஆராய்ச்சி நல்கைகள் பெரும்பாலும் 3 அல்லது 4 வரை செலவை ஏற்கும். நிறுவனங்கள் 7க்கு மேல் வந்ததைப் பார்க்கவே விரும்பும். இடையில் உள்ள படிகளுக்குத்தான் ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்று இத்துறையினர் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் கொஞ்சம் மிகை என்றாலும் காரணம் நியாயமானது. அந்த வேலையில் புதிய அறிவியல் குறைவு. ஆகவே நல்ல ஆய்விதழில் கட்டுரை வராது. கட்டுரை வராத வேலையைப் பதவி உயர்வுக் குழுவின் முன் வைக்க முடியாது. ஒரு இளம் பேராசிரியர் ஒரு வடிகட்டியின் ஆயுளை நூறு மணி நேரத்திலிருந்து பத்தாயிரம் மணி நேரமாக உயர்த்த மூன்று ஆண்டுகள் செலவிட்டால், வாடிக்கையாளருக்கு அது பெரிய வரம். அவருடைய பணிப்பதிவில் அது மூன்று ஆண்டு வெற்றிடம்.

பெனிசிலின் இந்தப் பள்ளத்தாக்கைக் கடந்த விதம் இன்றும் பாடமாக இருக்கிறது. ஃபிளெமிங் பூஞ்சையைக் கவனித்தது 1928இல். ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் அதை மருந்தாக்க முடியும் என்று எலிகளில் காட்டியது 1940இல். அடுத்த ஆண்டு முதல் நோயாளிக்குக் கொடுத்தபோது அவர் தேறத் தொடங்கினார். மருந்து தீர்ந்துபோனது. நோயாளியின் சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி செலுத்திப் பார்த்தும் காப்பாற்ற முடியவில்லை. அறிவியல் வென்றுவிட்டது, உற்பத்தி தோற்றுக்கொண்டிருந்தது. 1941 கோடையில் ஃப்ளோரியும் ஹீட்லியும் அட்லாண்டிக்கைக் கடந்து, இலினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் இருந்த வேளாண் துறை ஆய்வகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்தவர்கள் நொதித்தல் நிபுணர்கள். மக்காச்சோள மாவுச்சத்துத் தயாரிப்பில் கழிவாக வந்த நீரைப் பூஞ்சைக்கு உணவாகக் கொடுத்தபோது விளைச்சல் பலமடங்கு பெருகியது. தட்டையான பாத்திரங்களின் மேற்பரப்பில் வளர்ந்த பூஞ்சையை ஆழமான தொட்டிக்குள் வளர்க்கும் முறை கைகூடியது. ஒரு முலாம்பழத்திலிருந்து எடுத்த பூஞ்சை இனம் இன்னும் அதிகம் தந்தது. தொட்டியில் சிட்ரிக் அமிலம் தயாரித்துப் பழகியிருந்த ஃபைசர் நிறுவனம் 1944இல் புரூக்ளினில் பெரிய ஆலையைத் திறந்தது.

கவனித்துப் பார்த்தால் இதில் மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள்: கண்டுபிடித்தவர், பெருக்கத் தெரிந்தவர், தொழிற்சாலை வைத்திருப்பவர். நடுவில் இருந்தவர்களுக்கு அரசு சம்பளம் கொடுத்தது. முதல் ஆள் இரண்டாம் ஆளின் ஆய்வகத்தில் போய் உட்கார்ந்து மாதக்கணக்கில் சேர்ந்து வேலை செய்தார். போர்க்கால அவசரம் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டது என்பதும் உண்மை. அமைதிக்காலத்தில் அந்த நடு ஆளைத்தான் காணோம்.

நிறுவனங்கள் தயங்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பல்கலைக்கழகங்கள் அதைப் பேச விரும்புவதில்லை. ஆம்ஜென் மருந்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் புற்றுநோய்த் துறையின் 53 முக்கிய ஆய்வுகளை மறுபடி செய்துபார்த்தார்கள். முடிவு பொருந்தியவை 6 என்று 2012இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பேயர் நிறுவனமும் முந்தைய ஆண்டு இதே போன்ற அனுபவத்தை வெளியிட்டிருந்தது. எல்லாம் மோசடி என்று பொருளில்லை. சிறிய மாதிரி, ஒரே ஆய்வகம், ஒரே திறமையான கை என்ற சூழலில் வந்த முடிவு வேறிடத்தில் நிற்காமல் போகும். ஆனால் வாங்க வருகிற நிறுவனம் முதலில் செய்வது மறுசோதனை. வெளியாள் ஒருவரைக் கொண்டு சோதனையைத் திரும்பச் செய்துவைத்துக்கொண்டு பேச்சுக்குப் போகிற ஆய்வாளருக்கு மரியாதையே வேறு. இது பெரிய செலவும் இல்லை.

சட்டப் பின்னணியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் 1980 டிசம்பரில் நிறைவேறிய பே-டோல் சட்டம், அரசு நிதியில் பிறந்த கண்டுபிடிப்பின் உரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ள வழிசெய்தது. அதற்கு முன் அரசின் கையில் சுமார் 28,000 காப்புரிமைகள் தேங்கியிருந்தன, 5 சதவீதத்துக்கும் குறைவானவையே உரிமம் பெற்றன என்பது சட்டத்தை ஆதரித்தவர்களின் வாதம். அந்தக் குவியலில் பெரும்பகுதி பாதுகாப்புத் துறை ஒப்பந்தக்காரர்களே வேண்டாமென்று விட்டவை என்ற மறுப்பும் உண்டு. எப்படியோ, ஜப்பான் 1999இல் இதே வழியில் சட்டம் செய்தது. வேறு பல நாடுகளும் பின்தொடர்ந்தன. இச்சட்டத்தோடுதான் எல்லாம் தொடங்கியது என்று நினைப்பது தவறு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஸ்டீன்பாக் வைட்டமின் டி கண்டுபிடிப்பை நிர்வகிக்க ‘வார்ஃப்’ (WARF) என்ற அறக்கட்டளை அமைத்தது 1925இல். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் பெயரில் ஒட்டியிருப்பது அந்த அறக்கட்டளையின் பெயர்ச் சுருக்கம்தான்.

ஆய்வாளர்கள் அடிக்கடி சறுக்குவது காலக்கணக்கில். விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் கண்டுபிடிப்பு எங்கும் வெளிவந்திருக்கக் கூடாது என்பதில் ஐரோப்பியக் காப்புரிமைச் சட்டம் கறாரானது. மாநாட்டில் ஒட்டிய சுவரொட்டியும் நூலகத்தில் யாரும் எடுத்துப் படிக்கும்படி வைத்த ஆய்வேடும் வெளியீட்டுக் கணக்கில் வந்துவிடும். அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் தாமே வெளியிட்டதற்கு ஓராண்டு அவகாசம் உண்டு. அதை நம்பி மற்ற நாடுகளை இழந்தவர்கள் பலர். முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதங்களுக்குள் சர்வதேச விண்ணப்பம் போடலாம். ஏறக்குறைய 30ஆம் மாதத்தில் எந்தெந்த நாடுகள் என்று முடிவெடுத்து, ஒவ்வொன்றிலும் வழக்கறிஞர், மொழிபெயர்ப்பு, கட்டணம் என்று செலவழிக்க வேண்டும். உரிமம் வாங்க ஆள் கிடைக்காத விண்ணப்பங்களைப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கைவிடுவது இந்தக் கட்டத்தில். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு என்ற ஆயுள் ஓடிக்கொண்டிருக்கும்போது, பள்ளத்தாக்கில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் காப்புரிமையின் மதிப்பைத் தின்கிறது.

உரிமத்தை எப்படிக் கொடுப்பது என்பதில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உரிம அலுவலகத்தை நடத்திய நீல்ஸ் ரைமர்ஸ் காட்டிய வழியை இன்றும் விஞ்ச முடியவில்லை. மரபணுக்களை வெட்டி ஒட்டும் கோஹன்-போயர் முறைக்கு 1974இல் விண்ணப்பித்து 1980இல் காப்புரிமை கிடைத்தது. ஒரே நிறுவனத்துக்குத் தனியுரிமை கொடுத்துப் பெருந்தொகை வாங்கியிருக்கலாம். அவர் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று திறந்துவைத்து, ஆண்டுக் கட்டணம் 10,000 டாலர், விற்பனையில் சிறு சதவீதம் என்று குறைத்து வைத்தார். நீதிமன்றத்துக்குப் போய்ச் சண்டையிடுவதைவிடக் கட்டணத்தைக் கட்டிவிடுவது மலிவு என்று நிறுவனங்கள் நினைக்கும் அளவு. 1997இல் காலாவதியாகும்வரை 468 நிறுவனங்கள் உரிமம் பெற்றன. மொத்த வருமானம் சுமார் 25.5 கோடி டாலர். எல்லோருக்கும் பயன்படும் ஆய்வுக் கருவிக்கு இது பொருந்தும். புதிய மருந்து மூலக்கூறுக்கு இதே முறையைச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். பல ஆண்டு மருத்துவப் பரிசோதனைக்குப் பணம் போடுகிறவர் தனியுரிமை கேட்பார். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. பயன்பாட்டுத் துறைவாரியாக உரிமத்தைப் பிரித்துக் கொடுப்பது, குறித்த காலத்துக்குள் குறித்த படியை எட்டாவிட்டால் உரிமம் திரும்பிவிடும் என்று எழுதுவது ஆகியவை இடைவழிகள். இந்த இரண்டாவது நிபந்தனை இல்லாத தனியுரிமை ஆபத்தானது. போட்டியாளரிடம் போய்விடக் கூடாது என்பதற்காகவே வாங்கிப் பூட்டிவைக்கிற நிறுவனங்களும் இருக்கின்றன.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சில்வர்மன் குழு உருவாக்கிய மூலக்கூறு ‘லைரிகா’ என்ற நரம்புவலி மருந்தானது. அதன் ராயல்டியில் ஒரு பகுதியை 2007இல் 70 கோடி டாலருக்குப் பல்கலைக்கழகம் விற்றது. கூகுளின் தேடல் முறைக் காப்புரிமைக்காகப் பெற்ற சுமார் 18 லட்சம் பங்குகளை 2005இல் விற்று ஸ்டான்ஃபோர்டு 33.6 கோடி டாலர் ஈட்டியது. இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு அலுவலகம் திறந்த பல்கலைக்கழகங்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை ஊழியர் சம்பளத்தையும் வழக்கறிஞர் செலவையும்கூடத் திரும்ப எடுப்பதில்லை என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரியும். விரல்விட்டு எண்ணக்கூடிய காப்புரிமைகளே மொத்த வருமானத்தின் பெரும்பகுதியைக் கொண்டுவருகின்றன. அவை எவை என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. தப்பாமல் லாபம் தரவேண்டும் என்று துணைவேந்தர் எதிர்பார்த்தால் அலுவலகம் என்ன செய்யும்? ஒவ்வொரு பேரத்திலும் அடுத்த லைரிகா கைநழுவிவிடுமோ என்று பயந்து கடைசி அரை சதவீதத்துக்காக மாதக்கணக்கில் இழுக்கும். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்கும் இந்தத் தகராறில் சிறு நிறுவனங்கள் அலுத்துப் போய்விடும்.

ஸ்டார்ட்அப் விஷயத்தில் இந்தப் பேராசையின் விலை இன்னும் வெளிப்படை. நார்வேயில் 2003 வரை பேராசிரியரின் கண்டுபிடிப்பு முழுக்க அவருக்கே சொந்தம். சட்டம் மாறி, மூன்றில் இரண்டு பங்கு பல்கலைக்கழகத்துக்குப் போனது. ஹான்ஸ் ஹவீடே, பெஞ்சமின் ஜோன்ஸ் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாற்றத்துக்குப் பிறகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடங்கிய நிறுவனங்களும் எடுத்த காப்புரிமைகளும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றினால் வணிகமாக்கல் பெருகும் என்று நம்பிச் செய்த சட்டம் அது. அமெரிக்காவில் உரிமை அரசிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கு, அதாவது கண்டுபிடித்தவருக்குக் கொஞ்சம் பக்கமாக, நகர்ந்தது. நார்வேயில் கண்டுபிடித்தவரிடமிருந்தே பிடுங்கப்பட்டது. இரண்டும் ஒரே சீர்திருத்தம் என்று நினைத்தது பிழை. பிரிட்டனில் நிறுவனப் பங்கில் பல்கலைக்கழகங்கள் பெருந்துண்டு கேட்டதால் முதலீட்டாளர்கள் விலகுவதாக நெடுநாள் புகார் இருந்தது. 2023இல் வந்த சுயாதீன மதிப்பாய்வு, உயிரியல் துறை நிறுவனங்களுக்கு 10 முதல் 25 சதவீதம், மென்பொருள் போன்றவற்றுக்கு 10 சதவீதமோ அதற்குக் கீழோ போதும் என்றது. இரவு பகலாக உழைக்கப்போவது யார் என்று பார்த்தால் அதுவே தாராளம்தான்.

அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011இல் தொடங்கிய ‘ஐ-கோர்’ பயிற்சி வேறு கோணத்தில் வருகிறது. ஆய்வாளர் குழுவை ஏழு வாரங்களில் நூறு வாடிக்கையாளர்களிடமாவது நேரில் பேசச் சொல்கிறது. பொருளை விற்கும் பேச்சு கூடாது. அவர்களுடைய சிக்கல் என்னவென்று கேட்க வேண்டும். பெரும்பாலான குழுக்கள் தாங்கள் நினைத்துப் போன வாடிக்கையாளரை விட்டுவிட்டு வேறொருவரோடு திரும்புகின்றன. சில குழுக்கள் இதற்குச் சந்தையே இல்லை என்று தெரிந்துகொண்டு ஆய்வகத்துக்குத் திரும்புகின்றன. அதையும் நான் வெற்றியாகவே கணக்கிடுவேன்.

தொழில்துறைக் கூட்டணியில் சிக்கல்கள் வேறு மாதிரி. முனைவர் பட்ட மாணவரின் கடிகாரம் நான்கைந்து ஆண்டு; நிறுவனத்தின் கடிகாரம் காலாண்டு. மாணவருக்கு வெளியீடு வேண்டும், நிறுவனத்துக்கு ரகசியம் வேண்டும். கட்டுரையை அனுப்பும் முன் நிறுவனம் ஓரிரு மாதம் பார்த்து, காப்புரிமைக்கு உரியதை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் வழக்கமான சமரசம். அதற்கு மேல் தள்ளிப்போடும் உரிமை கொடுத்தால் மாணவரின் பட்டம் அடகு போகிறது. 1998இல் நோவார்டிஸ் மருந்து நிறுவனம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஒரே துறைக்கு ஐந்தாண்டுகளில் 2.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு, கண்டுபிடிப்புகளில் ஒரு பங்குக்கு முதலில் பேரம் பேசும் உரிமையைப் பெற்றது. வளாகத்தில் பெரும் சர்ச்சை கிளம்பியது. ஒப்பந்தம் 2003இல் முடிந்தபோது புதுப்பிக்கப்படவில்லை.

கையெழுத்து விஷயத்தில் அசட்டையாக இருந்தால் என்னாகும் என்பதற்கு 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஸ்டான்ஃபோர்டு-ரோஷ் வழக்கு சாட்சி. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் ஒருவர் புதிய நுட்பம் கற்க சீட்டஸ் நிறுவனத்தின் ஆய்வகத்துக்குப் போனார். உள்ளே நுழைய ஒரு படிவத்தில் கையெழுத்திட்டார். கண்டுபிடிப்பின் உரிமையை இப்போதே தருகிறேன் என்றது அந்தப் படிவம். பிறகு தருவேன் என்றுதான் அவர் முன்பு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தார். ரத்தத்தில் எச்.ஐ.வி.யை அளக்கும் முறையின் உரிமையில் நிறுவனத்துக்கும் பங்கு வந்தது. பின்னர் சீட்டஸிடமிருந்து அந்தத் தொழிலை வாங்கிய ரோஷுக்கு எதிராக ஸ்டான்ஃபோர்டு தொடுத்த வழக்கு நிற்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் பழி முழுவதையும் பல்கலைக்கழகத்தின் தலையில் கட்ட முடியாது. பிரிட்டன் அரசு கேட்டு 2003இல் ரிச்சர்ட் லாம்பர்ட் தந்த அறிக்கை, மிகப் பெரிய சவால் கேட்பவர் பக்கத்தில் இருக்கிறது என்றது. சொந்தமாக ஆராய்ச்சிப் பிரிவு இல்லாத நிறுவனத்துக்குப் பல்கலைக்கழகத்திடம் என்ன கேட்பது என்றே தெரிவதில்லை; கிடைத்ததை உள்வாங்கவும் ஆள் இல்லை. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக வெளிவந்த மாதிரி ஒப்பந்தங்கள் பேச்சுவார்த்தை நேரத்தைக் குறைக்க உதவுகின்றன. ஆள் இல்லாத குறையை ஒப்பந்தம் தீர்க்காது. பட்டம் முடித்த மாணவரை நிறுவனம் வேலைக்கு எடுப்பதே பல நேரங்களில் நடக்கும் உண்மையான தொழில்நுட்பப் பரிமாற்றம். அது எந்த அலுவலகத்தின் ஆண்டறிக்கையிலும் உரிமக் கணக்கில் ஏறுவதில்லை.

மிச்சமிருப்பது பொதுமக்களின் பங்கு. எச்.ஐ.வி.க்கு எதிராக ஸ்டாவுடின் மருந்து வேலை செய்யும் என்று காட்டியது யேல் பல்கலைக்கழகம். தனியுரிமை பெற்றது பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்க்விப் நிறுவனம். 2001இல் தென்னாப்பிரிக்காவில் மலிவு விலை நகல் மருந்தைப் பயன்படுத்த அனுமதிக்குமாறு ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு யேலிடம் கேட்டபோது, கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் தன் கை கட்டப்பட்டிருக்கிறது என்று பல்கலைக்கழகம் முதலில் சொன்னது. மாணவர்களும் மருந்தின் இந்தப் பயனைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான வில்லியம் புருசோஃபும் எதிர்த்துப் பேசினார்கள். சில வாரங்களில் நிறுவனம் விலையைக் குறைத்ததோடு, அங்கே காப்புரிமையை வலியுறுத்த மாட்டோம் என்றும் அறிவித்தது. இதன் பிறகு மருந்து உரிமங்களில் ஏழை நாடுகளுக்கான விலக்கைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்கும் பழக்கம் சில பல்கலைக்கழகங்களில் வந்திருக்கிறது. மருந்து சந்தைக்கு வந்தபின் அதைக் கேட்டு வாங்குவது எவ்வளவு கடினம் என்பதை யேல் பார்த்துவிட்டது.